எட்டுக் கேள்விக்குறி, ஓர் இடைவெளி, ஆறு கேள்விக்குறி

1

இந்தக் கதை ஒரு பிழைச்செய்தியில் பிறந்தது. நிலா, மழை, மரணம், காதல் எதிலும் இல்லை. ஒரு கறுப்புச் சன்னலில் வெள்ளை எழுத்தில் வந்த ஒரே ஒரு வரி. ஆங்கிலத்தில் வந்தது. தமிழாக்கினால் இப்படி இருக்கும்:

'C:\Users\கர்த்தர்' என்பது உள்கட்டளையாகவோ வெளிக்கட்டளையாகவோ அங்கீகரிக்கப்படவில்லை.

பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் நடுவில், கேரள எல்லைக்குள் உள்ள ஓர் ஊரில், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகும் ஒரு வீட்டு லேப்டாப்பில் இப்படி ஒரு வரி வந்தது என்றால், அதை எழுதாமல் விடுகிறவளுக்குப் பேனா எதற்கு? யாருடைய லேப்டாப் என்று கேட்காதீர்கள். [என்னுடையதல்ல. என்னுடையது என்று தெரிந்தால் அம்மா — என்னுடையதல்ல. அவ்வளவுதான்.]

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"ரப்பர் மரங்களுக்கிடையே பனி இறங்கிக்கொண்டிருந்த விடியலில் எப்சி தன் மடிக்கணினியைத் திறந்தாள். தூரத்தில் ஏதோ ஒரு பறவை—"

நிறுத்தினேன். ரப்பர் தோட்டத்துப் பனியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதற்குள் பால்வெட்டப் போனவர்கள் இல்லை. எப்சியின் அப்பா சோமன் போகிறார். அவரிடம் பனியைப் பற்றிக் கேட்டால் கொசுவைப் பற்றிச் சொல்வார். (அவருக்கு இந்தக் கதையில் வேறு வேலை கிடையாது. இங்கேயாவது ஓய்வெடுக்கட்டும்.)

இரண்டாவது தொடக்கம்:

"பைத்தான் ஓர் எளிய நிரல்மொழி. அதை உங்கள் கணினியில் மூன்றே படிகளில் எளிதாக நிறுவிக்கொள்ளலாம்."

இது நான் எழுதியதில்லை. இணையத்தில் உள்ள வழிகாட்டிகள் எல்லாமே இப்படித்தான் தொடங்குகின்றன. அந்த 'எளிதாக' என்ற சொல்லை எழுதியவனை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். அடிக்க மாட்டேன். பக்கத்தில் உட்காரவைத்து, மரச்சீனிக்கிழங்கு வேகும் புகைக்கு நடுவில், ஃபோனிலிருந்து நெட் எடுத்து, மூன்று படிகளையும் ஏறிக் காட்டச் சொல்வேன்.

மூன்றாவது தொடக்கம், இதுவே நிற்கட்டும்:

எப்சிக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ், எண்பத்தாறு சதவீதம். அவள் வீட்டில் இருபக்கத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள். ஒரு சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை அவளுக்கு ஒரு தேர்வு. திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு கம்பெனி நடத்துவது. சொந்தக் கணினியில் பைத்தான் இருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குக் கம்பெனி ஒரு சின்னக் கருவியை அனுப்பும். அதை நிறுவி, அதற்குள் மூன்று கணக்குகளுக்கு நிரல் எழுதி அனுப்ப வேண்டும். தேறினால் வேலை. தேறாவிட்டால் திங்கள்கிழமை முதல் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடை, மூன்றாம் மாடி, சுரிதார் பிரிவு. அம்மா சத்தியபாய் கடையில் பேசி முடித்துவிட்டாள். உட்கார ஸ்டூல் உண்டு என்று சொன்னார்களாம். எப்சி போய்ப் பார்த்தாள். ஸ்டூல் உண்டு. அதன்மேல் துணி அடுக்கியிருந்தது.

3

கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவளுக்கு ஒரு கருவியை நிறுவ இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

மூன்று வருடத்தில் எப்சி நூற்றிருபது நிரல்கள் எழுதியிருக்கிறாள். எல்லாம் ரெக்கார்டு நோட்டில், நீலப் பேனாவில், வலப்பக்கம் நிரல், இடப்பக்கம் விடை. விடை சரியா என்று நோட்டு சொல்லாது. கல்லூரி லேபில் எல்லாம் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும். மாணவர்கள் எதையும் நிறுவக்கூடாது, அழிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. எண்பத்தாறு சதவீதத்தில் செருப்புக்கு எத்தனை மார்க் என்று தெரியவில்லை.

லேப்டாப்பின் கதை வேறு. அத்தை மகன் நிபின் கல்ஃபிலிருந்து லீவில் வந்தபோது தன் பழைய லேப்டாப்பை எப்சிக்குக் கொடுத்தான். தன்னுடையதை எல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியபோது அது கேட்டது: இந்தக் கணினியை யார் பயன்படுத்தப் போகிறார்கள்? பெயர் என்ன? நிபின் அதைச் சத்தமாகக் கேட்டான். எப்சி குளித்துக்கொண்டிருந்தாள். சத்தியபாய் மரச்சீனி சுரண்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "கர்த்தர் தந்ததுண்ணு போடு மக்கா" என்றாள்.

எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. ஆட்டோவின் முதுகில் எழுதுவார்கள். புது வீட்டின் நெற்றியில் எழுதுவார்கள். கிணற்று மோட்டார் ஷெட்டில் எழுதியதைக்கூட நான் பார்த்திருக்கிறேன். லேப்டாப்பில் எழுத இடமில்லை. அதுவாகவே பெயரைக் கேட்டது, கொடுத்துவிட்டார்கள். நிபின் படித்தது மலையாளம். தமிழ் அவனுக்குப் பாட்டுப்புத்தகத்தில் பார்த்த அளவு. எழுத்தெழுத்தாகத் தேடிப் பத்து நிமிடத்தில் பெயரைப் போட்டு முடித்தான். எப்சி தலை துவட்டிக்கொண்டு வரும்போது திரையில் ஒளிர்ந்தது: கர்த்தர் தந்தது.

அவள் அன்று குளிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

அடுத்த ஞாயிறு சத்தியபாய் சபையில் எழுந்து சாட்சி* சொன்னாள். தொழிலுறப்பு என்கிற நூறுநாள் வேலைக்கு மண் வெட்டப் போகிறவள் வீட்டுக்கு லேப்டாப் வந்ததை, அது திறந்ததும் முதலில் காட்டுவது எந்தப் பெயர் என்பதை, மைக்கில் சொன்னாள்.

* சாட்சி: ஆராதனையில் எழுந்து நின்று, தனக்கு நடந்த நன்மையை எல்லோர் முன்னும் அறிக்கையிடுவது. திரும்பப் பெறும் வசதி இதுவரை செய்து தரப்படவில்லை.

4

தேர்வு நாள், பன்னிரண்டு பத்து. பைத்தான் முந்தின வாரமே ஏறிவிட்டது, தொல்லை கொடுக்கவில்லை. கம்பெனியின் கருவியைத்தான் இப்போது ஓடவிட்டாள். கதையின் தொடக்கத்தில் நான் கொடுத்த அந்த வரி வந்தது.

எப்சி அதை மூன்றுதரம் படித்தாள். சத்தியபாய் பின்னால் வந்து நின்றாள். அன்று தொழிலுறப்பு வேலை இல்லை.

"என்னவாக்கும் அதுல எழுதியிருக்கு? கர்த்தருண்ணு மட்டும் தெரியுது."

"கர்த்தர் ஆருண்ணு அதுக்குத் தெரியாதாம்."

"எதுக்கு?"

"கம்ப்யூட்டருக்கு."

சத்தியபாய் கொஞ்சநேரம் திரையைப் பார்த்தாள். [முதல் வரைவில் இந்த இடத்தில் நெஞ்சில் கைவைத்து ஜெபித்தாள். பொய். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.] "நாலு எழுத்துப் படிச்ச திமிரு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். கம்ப்யூட்டரைச் சொன்னாளா மகளைச் சொன்னாளா என்பது எனக்கே தெளிவில்லை.

இங்கே ஒரு பைத்தான், பாம்பு, கர்த்தர் பகடி வைத்திருந்தேன். கர்த்தரின் வீட்டுக்குள் பாம்பு ஏறிவிட்டது, கம்பெனிதான் ஏறமுடியவில்லை என்று. மலிவாக இருந்ததால் எடுத்துவிட்டேன். எடுத்ததை உங்களிடம் சொல்வதும் வைத்ததும் ஒன்றுதான், தெரியும்.

என்ன நடந்தது என்றால்: நீங்கள் கணினிக்கு எந்தப் பெயர் கொடுக்கிறீர்களோ அந்தப் பெயரில் அது ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, நீங்கள் கொண்டுவருவதையெல்லாம் அதற்குள் வைக்கும். ஒரு வீடு மாதிரி. கம்பெனியின் கருவி வீட்டைத் தேடிப் போகிறது. பெயரில் இடைவெளி வந்ததும் முகவரி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. 'கர்த்தர்' வரைக்கும் போய், 'தந்தது' தெரியாமல் திரும்பி வருகிறது.

இதை எப்சி தானே கண்டுபிடித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. முகவரியை மேற்கோள்குறிக்குள் போட்டால் இடைவெளி உறைக்காது என்பதையும் தானே கண்டுபிடித்தாள். பன்னிரண்டு ஐம்பதுக்குக் கருவி இரண்டாவது வரியைக் கொடுத்தது:

C:\Users\???????? ?????? — இப்படி ஓர் இடம் இல்லை.

5

எண்ணிப்பாருங்கள். முதலில் எட்டு, பிறகு ஆறு.

'கர்த்தர்' தமிழில் ஐந்து எழுத்து. 'தந்தது' நான்கு. ஆனால் கணினி புள்ளியைத் தனியாக எண்ணும், உகரச் சுழியைத் தனியாக எண்ணும். ஐந்து எட்டாகும், நான்கு ஆறாகும். நமக்கு 'ர்' ஓர் ஒலி. அதற்கு ஒரு ரகரம், தலையில் ஒரு கறை. சரி, எண்ணியாவது வைத்திருக்கிறதே. கம்பெனியின் கருவிக்கு எண்ண மட்டும்தான் தெரியும், படிக்கத் தெரியாது. ஆங்கிலம் தவிர வேறு எழுத்தில் மனிதர்களுக்குப் பெயர் இருக்கலாம் என்று அதை எழுதியவனுக்குத் தோன்றவே இல்லை. அவனும் திருவனந்தபுரத்துக்காரனாகத்தான் இருப்பான். அவனுடைய அம்மாவின் பெயரைப் போட்டாலும் கேள்விக்குறிதான் வரும்.

எப்சி ஃபோனில் தேடினாள். பெயரை மாற்றலாம் என்றது. செட்டிங்ஸில் போய் ஆங்கிலத்தில் epsi என்று மாற்றினாள். வெளியே வந்து மறுபடி உள்ளே போகும்போது திரையில் கர்த்தர் இல்லை. epsi இருந்தது.

சத்தியபாய் அதைப் பார்த்துவிட்டாள். அடுக்களையில் கத்தி பலகையில் விழும் சத்தம் கூடியது.

கருவியை ஓடவிட்டாள். எட்டுக் கேள்விக்குறி, ஓர் இடைவெளி, ஆறு கேள்விக்குறி. வாசலில் உள்ள பெயர்ப்பலகைதான் மாறியிருந்தது, உள்ளே வீடு அதே பெயரில்தான் இருந்தது. பழிபாவமும் சுமந்தாயிற்று, பலனும் இல்லை. எப்சி பலகையைப் பழையபடி தமிழில் மாற்றிவைத்தாள். ஒன்று இருபத்தைந்து.

6

"அப்போது அஜேஷ் வந்தான். மழையில் நனைந்த அவன் முடியிலிருந்து—"

வேண்டாம். பாறசாலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அஜேஷைக் கொண்டுவந்து, அவன் இரண்டு பட்டனை அழுத்தி, எப்சி அவனைப் பார்த்து, அவன் எப்சியைப் பார்த்து... மூன்று பத்தி எழுதினேன். அழித்தேன். மழையும் பெய்யவில்லை.

நடந்தது இதுதான்: எப்சி அவனுக்கு ஃபோன் செய்தாள். அஜேஷிடம் எந்த நோய்க்கும் ஒரே மருந்து. சத்தம் கேட்கவில்லையா, ஃபார்மட். திரை மங்கலா, ஃபார்மட். சார்ஜர் தொலைந்துபோனதா, கொண்டு வா பார்ப்போம், ஃபார்மட் அடிக்க வேண்டியிருக்கும். அன்றும் அதையே சொன்னான். வைகிட்டு, அதாவது சாயங்காலம், தரலாம் என்றான். மூன்று மணிக்குள் வேண்டும் என்றாள் எப்சி. "மூணுக்குள்ளயா? அப்போ திங்களாழ்ச்ச கொண்டு வா" என்றான்.

எப்சி ஃபோனை வைத்ததும் அம்மா கேட்டாள்.

"ஃபார்மட்டுண்ணா என்னதுட்டீ?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து தொடங்கது."

"அந்தப் பேரையுமா?"

"அந்தப் பேருதான் பிரச்சினையே."

"அப்போ அது வேண்டாம்."

இங்கே எப்சி கத்தினாள். கத்தியதை முழுக்க எழுதினால் இரண்டு பக்கம் வரும். சுருக்கம்: பேரா பெரிது, என் வேலையா பெரிது, சுரிதார் பிரிவில் நான் நிற்கும்போது உன் கர்த்தர் வந்து ஸ்டூலில் உள்ள துணியை எடுத்துவைப்பாரா, எனக்குத் தந்ததாக இருந்தால் என் பெயரில் தரவேண்டியதுதானே.

இதில் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி என்று இப்போதும் நினைக்கிறேன்.

அம்மாவை இந்தக் கதையின் எதிரியாக வைத்திருந்தேன். திட்டமே அதுதான். மூடநம்பிக்கை ஒரு பக்கம், படித்த பெண் மறுபக்கம், பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். சத்தியபாய் ஒத்துழைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"எட்டி, நூத்தம்பது பேருக்கு முன்ன எழும்பி நிண்ணு சொன்னதாக்கும். எனக்க வாழ்க்கையில நான் மைக்கு பிடிச்சது அந்த ஒரு தவணதான்."

இதற்கு என்ன பதில் எழுதுவது? நான்கு நாள் யோசித்தேன். எப்சிக்கு நான்கு நாள் இல்லை, ஒரு மணி பத்து நிமிடம்தான் இருந்தது.

7

அந்த நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு விஜயம்மா கூப்பிட்டாள். மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்திருக்கிறாள், ரேஷன் கார்டில் என்ன செய்வது என்று கேட்டாள். சத்தியபாய் இங்கிருந்தே பதில் சொன்னாள்.

"புதுக் கார்டு ஒண்ணும் எடுக்கண்டாம். இருக்க பேரு ஒண்ணையும் வெட்டவும் வேண்டாம். அதுக்க கூட ஒரு ஆளைச் சேத்தா மதி."

எப்சி திரையைப் பார்த்தாள். செட்டிங்ஸ் பக்கம் திறந்தே கிடந்தது. அவள் பெயர் மாற்றிய பட்டனுக்குக் கீழே, ஒரு விரல் தூரத்தில், மத்தியானம் முழுக்க இன்னொரு பட்டன் இருந்திருக்கிறது: வேறொருவரைச் சேர்.

கணினி தெரிந்த வாசகர் இதை நான்காம் பகுதியிலேயே கத்தியிருப்பார். புது யூசர் ஒன்றைச் சேர்த்தால் புது ஃபோல்டர், புது முகவரி, முடிந்தது, இதற்கு ஏழு பகுதியா? கத்துங்கள். உங்கள் வீட்டில் ஓர் அண்ணனோ சித்தப்பாவோ யூசர், ஃபோல்டர் என்ற சொற்களைச் சாப்பாட்டு மேசையில் இறைத்திருப்பார். நீங்கள் சோற்றோடு பொறுக்கிக்கொண்டீர்கள். எங்கள் வீட்டில் — எப்சியின் வீட்டில் — சாப்பாட்டு மேசையே கிடையாது. நாங்கள், அவர்கள், ரேஷன் கார்டிலிருந்துதான் போக வேண்டும். போய்ச் சேர்ந்தாளா இல்லையா?

இந்தப் பெருமையை யாருக்குக் கொடுப்பது என்பதிலும் எனக்குச் சிக்கல். அம்மா வழிகாட்டினாள் என்று எழுதினால் எல்லோரும் கண்கலங்குவார்கள். அவள் வழிகாட்டவில்லை. அடுத்தவீட்டு அரிசியைப் பற்றிப் பேசினாள். காதில் விழுந்ததைக் கம்ப்யூட்டருக்குத் திருப்பியது எப்சியின் தலை. அதனால் பெருமை எப்சிக்கே. (சத்தியபாய் இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். அடுத்த மைக்கு கிடைத்தால் என்ன சொல்வாளோ தெரியாது.)

"அம்மா, உனக்க பேரை அழிக்கல்ல. பக்கத்துல ஒரு ஆளைச் சேக்கேன்."

"ஆரை?"

"என்னை."

சத்தியபாய் யோசித்தாள். "அது செரி. அதுக்கு இவ்வளவு நேரம் என்னவாக்கும் செய்துகொண்டு இருந்தது?" என்றாள்.

8

இரண்டு மணி. epsi என்று ஆங்கிலத்தில் பெயர் கொடுத்த புது ஆளை உள்ளேவிடக் கணினி நேரம் எடுத்தது. வணக்கம் என்றது. எல்லாவற்றையும் உங்களுக்காகத் தயார் செய்கிறோம் என்றது. இன்னும் சில நிமிடங்கள் என்றது. வண்ணம் மாற்றி மாற்றிக் காட்டியது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை வாசலில் நிறுத்திவைத்திருக்கிற மாதிரி எப்சியை நிறுத்திவைத்தது. இரண்டு பதினெட்டுக்கு உள்ளே விட்டது.

புது வீட்டில் பைத்தான் இல்லை, மறுபடி இறக்கினாள். நிறுவும்போது அடியில் உள்ள சின்னப் பெட்டியில் டிக் போட மறந்தாள். அந்த டிக் இல்லாவிட்டால் கறுப்புச் சன்னலுக்குப் பைத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாது. நீக்கினாள். மறுபடி நிறுவினாள். இந்தமுறை டிக் போட்டாள். இரண்டு முப்பத்தாறுக்குக் கம்பெனியின் கருவி, ஒரு சொல்லும் பேசாமல், திறந்தது.

[இந்த இடத்தில் அவள் அழுவதாக எழுதியிருந்தேன். நேரமில்லை.]

முதல் கணக்கு ஒரு பட்டியலைத் தலைகீழாக்குவது. ரெக்கார்டு நோட்டில் நாற்பத்தொன்றாம் நிரல். நான்கு நிமிடம். ஓடவிட்டாள், விடை வந்தது. சரி என்று பச்சையில் எழுதிக் காட்டியது. மூன்று வருடத்தில் முதன்முறையாக ஓர் இயந்திரம் அவளிடம் சரி என்று சொன்னது. இரண்டாவது கணக்கு பத்து நிமிடம், பச்சை. மூன்றாவது கடினம். இரண்டுமுறை சிவப்பு வந்தது. மூன்றாவது முறை பச்சை வந்தபோது திரையின் மூலையில் மணி மூன்று ஒன்று. அனுப்பும் பட்டனை அழுத்தும்போது மூன்று இரண்டு.

கருவி ஒரு பெட்டியைத் திறந்தது.

தாமதத்துக்கான காரணம். கட்டாயம். நூற்றைம்பது எழுத்துக்குள். எங்கள் அதிகாரி படித்து ஒப்புக்கொண்டால் மட்டுமே உங்கள் விடைகள் ஏற்கப்படும்.

எப்சி ஆங்கிலத்தில் எழுதினாள், தமிழில் தருகிறேன்.

"என் யூசர் பெயர் தமிழில் இருந்தது. உங்கள் கருவிக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அதனால்—" அழித்தாள். குற்றம் சொல்வது போல இருக்கிறது.

"என் கணினியின் பெயர் கடவுள் கொடுத்தது என்பதாகும்—" அழித்தாள். மனநிலை சரியில்லாதவள் எழுதியது போல இருக்கிறது.

"என் அம்மா சபையில்—" அழித்தாள்.

சத்தியபாய் தோளுக்குப் பின்னாலிருந்து என்ன என்று கேட்டாள். எப்சி சொன்னாள்.

"கரண்டு போச்சுண்ணு எழுது மக்கா."

"கரண்டு போகல்லியே."

"அதுக்கென்ன? நம்ம பக்கத்துல கரண்டு போச்சுண்ணா ஆரு நம்பாம இருப்பா?"

"சாட்சி சொல்லுத ஆளு. பொய் சொல்லச் சொல்லுதியா?"

"அது சபையிலயாக்கும். இது கம்பெனி."

9

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் எப்சிக்கு வேலை கிடைக்கிறது. விடாமுயற்சி வெல்லும் என்று கல்லூரி ஆண்டுமலரில் போடுவார்கள். இன்னொன்றில் திங்கள்கிழமை மூன்றாம் மாடிக்கு ஏறுகிறாள். பாவம் என்று இலக்கியப் பத்திரிகையில் போடுவார்கள். இரண்டையும் கிழித்தேன். அவளுக்கு வேலை கொடுப்பதும் கொடுக்காததும் என் கையில் இல்லை, அவள் கையிலும் இல்லை. மூன்று விடையும் பச்சை. மீதி இருப்பது அந்தப் பெட்டியைப் படிக்கப்போகிற அதிகாரி மட்டும்.

அந்த அதிகாரிக்கு நான் பெயர் வைக்கவில்லை, முகம் வைக்கவில்லை. ஒரு நாற்காலி மட்டும் போட்டிருக்கிறேன். உட்காருங்கள்.

பெட்டியில் மின்தடை என்று இருந்தால் நம்பிவிடுவீர்கள். ஒரு நொடிகூட யோசிக்க மாட்டீர்கள். இன்றைக்கு இதுவரை ஒன்பது மின்தடை படித்திருக்கிறீர்கள். உண்மை இருந்தால் முதலில் சிரிப்பீர்கள். அடுத்த நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவீர்கள். அவரும் சிரிப்பார். அதற்குப் பிறகு, சிரித்து முடித்த பிறகு, உங்கள் விரல் எந்தப் பட்டனுக்குப் போகும்?

எப்சி அனுப்பிவிட்டாள். நூற்றைம்பது எழுத்துக்குள் ஒரே வரி. எதை அனுப்பினாள் என்று எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை. நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று அவள் நினைத்தாளோ, அதற்குத் தகுந்ததைத்தான் எழுதினாள்.